முடியும், மாட்டேன், -லாம்: ஆற்றலையும் வாய்ப்பையும் சொல்லும் வினைகளின் வரலாறு

சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு லாரிப் பட்டறைக்குப் போய், "வண்டி இன்னைக்குக் கெடைக்குங்களா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில் பல வடிவங்களில் வரும். "முடியாதுங்க" என்றால் வாய்ப்பே இல்லை. "முடியலீங்க" என்றால் முயன்று பார்த்தார்கள், வேலை நிறைவேறவில்லை. "ஆகாதுங்க" என்றால் காலம் போதாது. "கட்டுபடியாகாதுங்க" என்றால் வேலை செய்யலாம், சொன்ன கூலிக்குச் செய்ய இயலாது. "மாட்டேனுங்க" என்று மட்டும் யாரும் எளிதில் சொல்வதில்லை. அது மறுப்பு, அந்த ஊர்களின் மரியாதைக்குச் சற்றுக் கடுமையான சொல்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'மாட்டேன்' என்பது மறுப்புச் சொல்லாக இருக்கவில்லை. 'என்னால் இயலாது' என்பதே அதன் பொருள். ஆற்றல், இயலாமை, வாய்ப்பு, அனுமதி ஆகியவற்றைச் சொல்லும் வினைகள் ஒவ்வொரு மொழியிலும் இப்படி இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. தமிழில் அந்த இடப்பெயர்ச்சி எவ்வாறு நடந்தது என்பதை, ஸ்பானிய மொழியின் வினைவடிவங்களை அருகில் வைத்து இக்கட்டுரை பார்க்கிறது. ஸ்பானியத்தைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தமிழ் மாணவர்கள் ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியம் கற்கும்போது குழம்பும் பல இடங்கள், தமிழின் வழியாகப் பார்த்தால் தெளிவாக இருக்கின்றன. தமிழுக்கு முதலில் இலக்கணம் எழுதிய ஐரோப்பியரும், தமிழ் அச்செழுத்தை முதலில் வார்த்தவரும் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்தவர்கள் என்பது இரண்டாவது காரணம்.

வல்வில் ஓரியின் 'வல்'

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை ஆண்ட ஓரியைச் சங்கப் பாடல்கள் 'வல்வில் ஓரி' என்று குறிக்கின்றன. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவனுடைய பெயரின் முன் நிற்கும் 'வல்' என்பது வலிமையைக் குறிக்கும் வேர். அதே வேர் பழந்தமிழில் வினையாகவும் வழங்கியது. வல்லேன், வல்லை, வல்லார், வல்லாதார் என அது ஆளைக் காட்டும் விகுதி பெறும். ஒன்றைச் செய்யத் தெரிந்தவர், செய்யும் திறன் பெற்றவர் என்பது பொருள். இன்று வல்லவர், வல்லுநர், வல்லமை, வல்லரசு என்ற பெயர்ச்சொற்களில் மட்டுமே அது எஞ்சியிருக்கிறது. 'பாட வல்லேன்' என்று இன்று யாரும் பேசுவதில்லை.

ஆனால் சமவெளியின் வடக்கே கன்னட எல்லையைத் தாண்டினால் இந்த வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. கன்னடத்தில் 'மாடபல்லெ' என்றால் 'செய்ய வல்லேன்'. 'பல்ல' என்பது தமிழ் 'வல்' என்பதன் உறவுச்சொல். சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாவது வழக்கமான மாற்றம். 'வா' அங்கே 'பா' ஆவதைப் போல. தெலுங்கு இன்னொரு வேரை எடுத்துக்கொண்டு 'சேயகலனு' (செய்ய முடியும்) என்கிறது. சேலம், நாமக்கல் பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசுவோர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஒரே சந்தைக்கு வருபவர்கள் 'முடியும்' என்பதை மூன்று வெவ்வேறு வேர்களிலிருந்து சொல்வது அங்கே புதுமையன்று.

பழந்தமிழில் 'வல்' தனியாக நிற்கவில்லை. 'ஒல்' என்ற வினை இயலுதலைக் குறித்தது. ஒல்லும், ஒல்லாது என்ற வடிவங்களைத் திருக்குறள் கற்றவர் அறிவர். 'ஆற்று' என்பது செய்யும் திறனையும் தாங்கும் திறனையும் சேர்த்துக் குறித்தது. திருவதிகையில் சூலை நோயால் வருந்திய திருநாவுக்கரசர் தம் முதல் பதிகத்தில் ஆளும் 'ஆற்றேன்' என்ற சொல்லுக்குத் 'தாங்க முடியவில்லை' என்று பொருள். 'கில்' என்ற துணைவினையும் இருந்தது. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் கிற்பன், கில்லேன் என்ற இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன: செய்ய வல்லேன், செய்ய வல்லேன் அல்லேன்.

இவற்றில் வல், ஆற்று, கில் மூன்றும் தன்மை, முன்னிலை, படர்க்கை விகுதிகளைப் பெற்றன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆற்றல் அன்று ஆளுக்கு உரியதாகச் சொல்லப்பட்டது. ஸ்பானியம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. 'போதேர்' என்பது அதன் ஆற்றல் வினை. புயேதோ என்றால் என்னால் முடியும், புயேதெஸ் என்றால் உன்னால் முடியும், போதேமோஸ் என்றால் எங்களால் முடியும். 'நான்', 'நீ' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை; விகுதியே சொல்லிவிடும். வல்லேன், வல்லை, வல்லேம் என்று அடுக்கினால் அதே அமைப்பு.

வரி இறுக்க மாட்டாதவர்கள்

இந்த வரிசையில் கடைசியாக நிற்பது 'மாட்டு'. இதில் ஒரு வரலாற்றுச் சிக்கல் இருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரி இறுக்க 'மாட்டாதே' நிலத்தை விற்றவர்கள், ஊரைவிட்டு நீங்கியவர்கள் பற்றிய செய்திகள் காணப்படுகின்றன. இறுத்தல் என்றால் செலுத்துதல். இன்றைய தமிழ்க் காதோடு இதைப் படிக்கும் மாணவர், 'வரி கட்ட மாட்டேன்' என்று மறுத்தவர்கள் இவர்கள் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. அப்படி எடுத்துக்கொண்டால் கல்வெட்டு ஒரு வரிமறுப்புப் போராட்டத்தின் சான்றாகிவிடும். ஆனால் அந்தக் காலத்து 'மாட்டாதே' என்பதற்குச் 'செலுத்த இயலாமல்' என்பதே பொருள். அது வறுமையின் சான்று. பஞ்சத்தாலோ வரிச்சுமையாலோ கையில் ஒன்றும் இல்லாமல் போன ஒருவனைப் பற்றிப் பேசும் சொல்லை, அதிகாரத்தை எதிர்த்து நின்ற ஒருவனின் சொல்லாகப் படித்துவிடலாம். எதிர்த்து நின்றவர்களும் வரலாற்றில் இருந்தார்கள். அவர்களுக்கான சான்றை வேறு சொற்களில்தான் தேட வேண்டும்.

பக்தி இலக்கியத்தைப் படிப்பவருக்கும் இதே எச்சரிக்கை தேவை. 'மறக்க மாட்டேன்' என்பது போன்ற ஒரு தொடர் இன்று உறுதிமொழி. பழைய பாடல் ஒன்றில் அத்தகைய தொடர் வந்தால், 'மறக்க நினைத்தாலும் என்னால் இயலாது' என்று படிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

'மாட்டு' என்பதன் உடன்பாட்டு வடிவமான 'மாட்டுவேன்' (என்னால் முடியும்) வழக்கிழந்து போயிற்று. எதிர்மறை மட்டும் தங்கி, 'இயலாது' என்பதிலிருந்து 'விரும்பவில்லை' என்பதற்கு நகர்ந்தது. இந்த நகர்வுக்குக் காரணம் பேச்சின் நாகரிகமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. விருப்பமில்லாததைச் செய்யச் சொன்னால், 'இயலாது' என்று சொல்லித் தப்புவது எல்லா ஊரிலும் வழக்கம். பல தலைமுறைகள் அப்படிச் சொல்லிச் சொல்லி, கேட்பவர் 'இவருக்கு விருப்பமில்லை' என்றே புரிந்துகொள்ளத் தொடங்கினால் சொல்லின் பொருள் மாறிவிடும். இன்று 'முடியாது' என்ற சொல்லும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. "முடியாதுன்னா முடியாது" என்பவர் தம் இயலாமையைப் பற்றிப் பேசவில்லை. அதனால்தான் மரியாதைக்கு 'முடியலீங்க' என்ற வடிவம் தேவைப்படுகிறது.

எதிர்மறையில் மட்டும் பொருள் திரியும் இந்தப் போக்கை வேறு வினைகளிலும் காணலாம். 'மழை வரக்கூடும்' என்பதில் கூடும் என்பது வாய்ப்பைக் காட்டுகிறது. 'வரக்கூடாது' என்றால் வாய்ப்பில்லை என்று பொருளில்லை. தடை என்று பொருள். 'செய்யலாம்' என்பதன் பழைய எதிர்மறையான 'செய்யலாகாது' என்பதும் தடையே. ஸ்பானியத்திலும் 'நோ செ புயேதெ' என்பது சொல்லுக்குச் சொல் 'இயலாது' என்றாலும், கதவில் எழுதியிருந்தால் 'அனுமதி இல்லை' என்றே பொருள்படும்.

ஆளிலிருந்து செயலுக்கு

வல்லேன், ஆற்றேன், கில்லேன் என்று ஆளைச் சுட்டிய தமிழ், இன்று 'என்னால் முடியும்' என்கிறது. 'முடி' என்பதன் அடிப்படைப் பொருள் நிறைவுறுதல். செயல் நிறைவுறும், என்னைக் கருவியாகக் கொண்டு நிறைவுறும் என்பதே இத்தொடரின் உள்ளமைப்பு. 'நான்' எழுவாயிலிருந்து இறங்கி மூன்றாம் வேற்றுமைக்குப் போய்விட்டேன். வினை எப்போதும் 'முடியும்' என ஒரே வடிவில் நிற்கிறது. என்னால், உன்னால், அவர்களால் என்று மாறுவது பெயர் மட்டுமே.

மலையாளம் இதே பாதையில் வேறொரு வேரோடு சென்றிருக்கிறது. 'எனிக்கு கழியும்' என்பதில் உள்ள 'கழி' என்பதும் தீர்தல், கடந்துபோதல் என்ற பொருளுடையது. முடிதலிலிருந்து இயலுதலுக்குச் செல்லும் பாதை இரு மொழிகளிலும் ஒன்றே. ஈழத்தமிழில் 'இயலும்' என்பது 'ஏலும்' ஆகி, 'எனக்கு ஏலாது', 'என்னால ஏலாது' என்று நாள்தோறும் வழங்குகிறது. தமிழ்நாட்டில் 'இயலும்' பெரும்பாலும் எழுத்தில் தங்கிவிட்டது. பழைய சொல்லை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள், யார் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

'முடி' உடல்நலத்தையும் பிடித்துக்கொண்டது. "ஒடம்புக்கு முடியலீங்க" என்றால் நோய். எந்தச் செயலை முடிக்க இயலவில்லை என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

தெரியும், வரும், முடியும்

ஆங்கிலத்தில் நீந்தத் தெரிவதற்கும், இன்று கைவலி இல்லாததால் நீந்த முடிவதற்கும் ஒரே துணைவினையே போதும். ஸ்பானியத்தில் போதாது. கற்றுக்கொண்ட திறனுக்கு 'சபேர்' (அறிதல்) என்ற வினை: 'செ நாதார்' என்றால் எனக்கு நீந்தத் தெரியும். சூழ்நிலை இடம் கொடுப்பதற்குப் 'போதேர்': 'நோ புயேதோ நாதார்' என்றால் என்னால் இப்போது நீந்த முடியாது. ஆங்கில வழியில் கற்கும் மாணவர் இரண்டையும் குழப்பித் திருத்தம் வாங்குவது வழக்கம். தமிழர் குழம்ப வேண்டியதே இல்லை. 'நீந்தத் தெரியும்', 'நீந்த முடியும்' என்று நாமும் பிரித்தே பேசுகிறோம். 'எனக்குத் தெலுங்கு பேச வராது' என்ற மூன்றாவது வழியும் நம்மிடம் இருக்கிறது.

இறந்தகாலத்தில் ஸ்பானியத்துக்கு இரண்டு வடிவங்கள். 'போதீயா' என்றால் அப்போது ஆற்றல் இருந்தது. செய்தாரா இல்லையா என்பது தெரியாது. 'புதெ' என்றால் முயன்றேன், முடிந்தது. 'நோ புதெ' என்றால் முயன்றும் முடியவில்லை. தமிழில் 'திறக்க முடிந்தது' என்பது சரியாகப் 'புதெ' தான்: கதவு திறந்துவிட்டது. 'முடியவில்லை' என்பது 'நோ புதெ'. பட்டறைக்காரர் 'முடியலீங்க' என்னும்போது அதில் முயற்சி அடங்கியிருப்பதற்கு இதுவே காரணம்.

ஊகத்தைச் சொல்வதில் இரு மொழிகளும் இன்னும் நெருங்கி வருகின்றன. கடிகாரம் இல்லாத இடத்தில் மணி கேட்டால், "மூணு மணி இருக்கும்" என்கிறோம். இருக்கும் என்பது எதிர்கால வடிவம். ஆனால் பேச்சு இந்த நொடியைப் பற்றியது. ஸ்பானியரும் 'செரான் லாஸ் த்ரெஸ்' என்று எதிர்கால வினையில்தான் ஊகிப்பார்கள். 'வந்திருப்பான்' என்பது 'அப்ரா வெனீதோ'. இரண்டிலும் முடிந்துபோன நிகழ்ச்சியின் மேல் எதிர்கால வடிவம் அமர்ந்து அதை ஊகமாக்குகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே உத்தியைக் கண்டடைந்தன. எதிர்காலமும் உறுதிப்படாதது, ஊகமும் உறுதிப்படாதது. அந்த ஒற்றுமையே இதற்கு அடிப்படை.

ஸ்பானியம் ஒரு படி மேலே போய், உறுதியற்றதற்கென்று தனி வினைவரிசையே வைத்திருக்கிறது. 'வியெனெ' என்றால் வருகிறார். 'கிசாஸ் வெங்கா' என்றால் ஒருவேளை வரலாம். வினையின் உயிரெழுத்து மாறியதே ஐயத்தைக் காட்டிவிடுகிறது. தமிழில் இதற்கு நேரான வினைவரிசை இல்லை. அந்த வேலையை நம்மிடம் செய்வது '-லாம்'.

ஒட்டிக்கொண்ட இரண்டு வினைகள்

'-லாம்' எங்கிருந்து வந்தது? 'செய்யல்' என்ற தொழிற்பெயரும் 'ஆம்' என்ற வினையும் சேர்ந்து 'செய்யல் ஆம்' ஆயின. 'செய்தல் ஆகும்' என்பது பொருள். காலப்போக்கில் இரண்டும் ஒட்டி, இன்று 'செய்யலாம்' என்ற ஒரே சொல்லாகக் கேட்கின்றன. பேச்சில் 'செய்லாம்', 'போலாம்' என்று இன்னும் சுருங்கிவிட்டது.

ஸ்பானிய எதிர்காலம் பிறந்த கதையும் இதுவே. 'காந்தாரெ' (பாடுவேன்) என்ற சொல், 'காந்தார்' (பாடுதல்) என்ற வினைப்பெயரும் 'எ' (உடையேன்) என்ற துணைவினையும் ஒட்டியதால் வந்தது. பழைய ஸ்பானியத்தில் இரண்டுக்கும் நடுவே வேறு சொல்லைச் செருக முடிந்தது; அதாவது ஒட்டு அன்று முழுதாகக் காயவில்லை. 1492-இல் வெளிவந்த அந்தோனியோ தெ நெப்ரிகாவின் காஸ்தியிய இலக்கணம் இந்த ஒட்டைக் கண்டு சொன்னது. கொலம்பஸ் கடலில் இறங்கிய அதே ஆண்டு அது.

'-லாம்' அளவுக்கு உழைக்கும் வடிவம் தமிழில் குறைவு. 'மழை வரலாம்' என்பது வாய்ப்பு. 'நீங்க போலாம்' என்பது அனுமதி. 'வா, போலாம்' என்பது அழைப்பு. 'நேத்தே சொல்லியிருக்கலாம்' என்பது குறைகூறல். கதவருகே நின்று "வரலாமுங்களா?" என்பது மரியாதை. ஸ்பானிய வீட்டு வாசலிலும் 'செ புயேதெ?' என்று கேட்டுவிட்டுத்தான் நுழைவார்கள். அங்கும் ஆள் சுட்டப்படுவதில்லை. அனுமதி கேட்கும்போது 'நான்' மறைந்துகொள்வது இரு நாட்டுப் பண்பாட்டுக்கும் பொருந்துகிறது.

இலக்கணம் எழுதியவர்கள்

தமிழ் மரபிலக்கணம் ஆற்றல் வினைகளுக்குத் தனிப் பிரிவு வகுக்கவில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் வினையைத் திணை, பால், இடம், காலம், முற்று, எச்சம், ஏவல், வியங்கோள் என்று பகுத்தன. நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்பது அப்பகுதியின் மரபு. அவர் காலத்தில் ஆற்றல் சொற்கள் வினையாகவே நின்றதால், தனியே பேச வேண்டிய தேவை எழவில்லை.

வெளியிலிருந்து வந்து தமிழ் கற்றவர்களுக்கோ அந்தத் தேவை இருந்தது. இன்றைய ஸ்பெயினின் நவார்ராவில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து ஓதினார். அவருக்குப் பின் 1546-இல் வந்த போர்ச்சுக்கீசியரான என்றீக்கே என்றீக்கசு மொழியை முறையாகக் கற்று, லத்தீன் இலக்கண அமைப்பைப் பின்பற்றித் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் நமக்குக் கிடைப்பவற்றுள் அதுவே முதலாவது. கையெழுத்துப் படி லிஸ்பனில் இருக்கிறது. அவர் பெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்துகளை முதலில் அச்சுக்கு வார்த்தவர் கோவாவில் இருந்த ஸ்பானியத் துறவி கொன்சால்வசு. என்றீக்கசின் தாய்மொழியிலும் போதேர், சபேர் இரண்டும் உண்டு. முடியும், தெரியும் என்ற பிரிவு அவருக்கு வீட்டுச் சரக்காகவே இருந்திருக்கும்.

சமவெளிக்கு அந்த மரபு வந்து சேர்ந்தது 1623-இல். மதுரையிலிருந்து புறப்பட்ட இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி, இராமச்சந்திர நாயக்கர் ஆண்ட சேந்தமங்கலத்துக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் சென்றார். அவர் தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றவர். குடிகள் தமிழிலும் அரண்மனை தெலுங்கிலும் பேசிய ஊர்களில் மூன்று மொழியும் பயன்பட்டிருக்கும். ஒருவர் தம்மால் இயலாததைச் சொல்கிறாரா, விரும்பாததைச் சொல்கிறாரா என்று பிரித்தறிவது சமயப் பணியாளருக்கு இலக்கணப் பயிற்சி மட்டுமாக இருந்திருக்காது.

மாட்டேங்குது

'மாட்டேன்' என்பதன் கதை இன்னும் முடியவில்லை. நாமக்கல் பட்டறையில் இன்று அதிகம் கேட்கும் ஒரு தொடர்: "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." மாட்டேன் என்கிறது என்பதே மாட்டேங்குது. வண்டி தன் வாயால் 'மாட்டேன்' என்று சொல்வதாகத் தொடர் அமைந்திருக்கிறது. திருகாணி கழல மாட்டேங்குது, கதவு மூட மாட்டேங்குது, போர்வெல்லில் தண்ணி ஏற மாட்டேங்குது. ஸ்பானியரும் கிளம்பாத காரைப் பார்த்து, கிளம்ப 'விரும்பவில்லை' என்ற பொருளில் 'நோ கியெரெ' என்பார்கள்.

ஆனால் வண்டிக்கு விருப்பம் ஏது? அதற்கு இருப்பது இயலாமை மட்டுமே. பேட்டரி இறங்கியிருக்கும், டீசலில் காற்றுப் புகுந்திருக்கும். வரி இறுக்க 'மாட்டாதே' ஊரை நீங்கிய குடியானவனைப் பற்றிக் கல்லில் வெட்டிய பழைய பொருள், மறுப்பாகத் திரிந்து, இரும்பின் வாயில் மறுபடியும் இயலாமையாக நிற்கிறது. பட்டறைக்காரர் வண்டியோடு சண்டை போடாமல், கீழே படுத்து என்ன கோளாறு என்று பார்க்கத் தொடங்குகிறார்.